புரட்டாசிச் சூரியன்

ஆமா, அந்தக் கோயில்தான். சூரியன் வந்து சாமியக் கும்பிடுத கோயில். வல்லம்பேரி உதயலிங்க சாமி கோயில். பட்டு வேட்டியும் நெத்தி நெறைய துன்னூறுமா இருக்கேன்லா, அதான் கேட்டீய. நல்லவேளை கேட்டீய. இல்லேன்னா இந்தக் கெழவன் ரெண்டாங் கல்யாணத்துக்குப் போறான்னு நெனச்சிருப்பீய. உக்காருங்க. அந்தப் பைய மடியில வச்சுக்கிடுங்க. கீழ வச்சா கண்டக்டர் மிதிச்சிட்டுப் போவான். அவனுக்குக் கண்ணு வானத்துல இருக்கும்.

எம் பேரு சிதம்பரநாதன். பெரிய வீட்டு நாதன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டக் காட்டும். வருசா வருசம் பங்குனியில மூணு நாளு சூரிய பூசை. இன்னைக்குத்தான் மொத நாளு. காலையிலதான் முடிஞ்சுது. நாளைக்கும் உண்டு, மறுநாளும் உண்டு. பூசை அன்னைக்கு மொத மரியாதைக்காரன் இப்படி பஸ்ஸுல விழுந்தடிச்சுப் போறானேன்னு பாக்கீய. எல்லாம் ஒருத்தியாலதான். ஒரு டீச்சர்.

மொதல்ல கோயில் கதையச் சொல்லுதேன். எங்க பூட்டன் ஆதிமூலம்னு ஒருத்தர். அவரு காலத்துல கருவறை இருட்டுக் கெடங்காக் கெடந்திருக்கு. சாமி முகத்த ஒருத்தரும் சரியாப் பாத்ததில்ல. இவரு அன்னம் தண்ணியில்லாம கெழக்குச் செவத்துக்கு முன்னால போயிப் படுத்திட்டாரு. பங்குனியில ஒரு நாள் காலையில, செவரு தானா தொளைபட்டு, சூரியன் நேரே உள்ள வந்து சாமி தலையில விழுந்திருக்கு. தட்டு அளவுக்கு உருண்டையா ஒரு தொளை. இன்னைக்கும் இருக்கு. மனுசன் போட்டதில்ல அது, சூரியன் போட்டது. அதுல உளி பட்ட தடம் இருக்குன்னு அந்த டீச்சர் சொல்லுதா. இவ கண்ணுக்கு உளியும் சம்மட்டியுந்தான் தெரியும்.

அன்னையில இருந்து பங்குனியில அந்த மூணு நாளு மட்டும் வெயிலு உள்ள வரும். உதிச்ச ஒடனே பின்செவத்துல உச்சியில விழும். விழுந்து, பைய பைய எறங்கி, சாமி தலையில வந்து நிக்கும். அதுக்கு முன்னாலயே எனக்குத் தலையில பரிவட்டம் கட்டிருவாவ. ஊரே கன்னத்துல போட்டுக்கிடும். டிவிக்காரன்கூட ஒரு தடவை வந்தான். நான் பேசினதையெல்லாம் வெட்டிட்டு யானையக் காட்டினான், மூதி. எங்க கோயில்ல யானையே கெடையாது, வாடகைக்கு வந்த யானை.

மூணாம் நாள் பூசை முடிஞ்சதும் அந்தத் தொளைய தேக்குப் பலகை வச்சு அடைச்சுப் பூட்டிருவோம். அடுத்த பங்குனிக்குத்தான் தெறப்பு. பூட்டன் காலத்து வழக்கம் அது. சூரியன் வந்தாச்சு, கும்பிட்டாச்சு, போயாச்சு. பெறவு எதுக்குக் கதவத் தெறந்து போடணும், வவ்வாலு வரதுக்கா?

ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. எங்க குடும்பத்துல வயலு போச்சு, தோப்பு போச்சு, எங்க அப்பா காலத்துலயே எல்லாம் போச்சு. பெரிய வீடுன்னு பேருதான், பாதிக்கு ஓடு கெடையாது. மகன் கத்தாருல கெடந்து லோல்படுதான். எனக்குன்னு மிச்சம் இருக்கது வருசத்துல அந்த மூணு காலைதான். அன்னைக்கு என்னயத் தாண்டி ஒரு பய கோயிலுக்குள்ள கால் வைக்க முடியாது. அதுவும் போச்சுன்னா நான் யாரு? டீக்கடையில ஓசிப் பேப்பர் படிக்க வாரவன்.

இனி அந்த டீச்சர் கதை. பூங்கோதைன்னு பேரு. விழுப்புரம் பக்கம். எங்க ஊரு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் எடுக்க வந்தா. ஸ்கூட்டியில வருவா, தோள்ல ஒரு சாக்குப் பை. அந்தப் பைக்குள்ள என்ன இருக்குங்கீய? பனங்காய். டார்ச்சு லைட்டு. பாடம் நடத்த வாரவளா, நொங்கு விக்க வாரவளான்னு தெரியாது.

பனங்காயில ஒரு குச்சிய நட்டுக்குத்தா குத்தாம சாய்வாக் குத்துவாளாம். அதுதான் பூமியாம். சன்னலயெல்லாம் சாத்திட்டு நடுவுல ஒரு குண்டு பல்பு. அது சூரியனாம். பனங்காய்ல சுண்ணாம்பால ஒரு பொட்டு வச்சு இதுதான் வல்லம்பேரிம்பா. குச்சியப் பிடிச்சுச் சுத்தினா பொட்டு வெளிச்சத்துக்கு வரும், பகலு. அங்கிட்டுப் போகும், ராத்திரி. பகலு ராத்திரி வாரதுக்கு ஒரு பாடம், அதுக்கு ஒரு வாத்திச்சி, அவளுக்கு அரசாங்கம் சம்பளம். கோழிக்கே தெரியுமய்யா எப்ப விடியும்னு.

எம் பேத்தி ஆவுடை அங்கதான் ஏழாவது படிச்சா. மகன் வீட்டுப் பிள்ளை, ஒத்தைக்கு ஒரு பிள்ளை. நல்லாத்தான் இருந்தா. அந்த டீச்சர் வந்த பெறவு முத்தத்துல நின்னு தன்னால சுத்துதா. சுத்திச் சுத்தித் தலை கிறுகிறுத்து விழுதா. என்னட்டி கோட்டி பிடிச்சிருக்கான்னு கேட்டா, “தாத்தா, நான் பூமி”ங்கா. பூமியாம். சாப்பிட்ட தட்ட எடுத்துக் கழுவச் சொன்னா மட்டும் பூமி நின்னு போகும்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கேன். பிள்ளை வெளக்கக் கொண்டாந்து நடுவுல வச்சிட்டு, பனங்காயத் தூக்கிக்கிட்டு அதச் சுத்தி வாரா. குச்சியோட தலை எப்பவும் எங்க வீட்டு வடக்குச் செவத்தப் பாத்தே சாஞ்சிருக்கணுமாம். அப்படியே சுத்தி வந்தா, ஒரு எடத்துல தலை வெளக்கப் பாத்துச் சாயுது. அது நமக்குக் கோடையாம். எதுத்தாப்ல போனா தலை வெளக்க விட்டு விலகுது. அது மார்கழிப் பனியாம். நானும் வேடிக்கை பாத்துக்கிட்டுச் சோத்தப் பெசையுதேன்.

அப்பச் சொன்னா. “ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு எடம் இருக்கு தாத்தா. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. அந்த ரெண்டு எடத்துலயும் தலை வெளக்குப் பக்கம் சாயவும் சாயாது, விலகவும் விலகாது. அன்னைக்குச் சூரியன் நேரே கெழக்க உதிக்கும். ஒண்ணு பங்குனி. இன்னொண்ணு புரட்டாசி.”

“அதுக்கென்ன இப்ப?”

“நம்ம கோயில்லயும் புரட்டாசியில சூரியன் வரும் தாத்தா. நீங்கதான் பலகை போட்டு அடைச்சிருக்கீங்க.”

கைய ஒதறிட்டு எந்திச்சிட்டேன். பாத்துக்கிடுங்க, எங்க பூட்டன் தவங்கெடந்து கூட்டியாந்த சூரியன். அது புரட்டாசியிலயும் வரும்னா என்ன அர்த்தம்? மேளம் இல்லாம, பரிவட்டம் இல்லாம, நாங்க ஒருத்தருமே இல்லாம, அதுபாட்டுக்கு வந்திட்டுப் போகும்னு அர்த்தம். அப்பம் எங்களுக்கு எதுக்கு மரியாதை? எங்க மருமக செண்பகம் இருக்காளே, அவ அடுப்படியில நின்னு சிரிக்கா. சத்தம் வராமச் சிரிப்பா, ஆனா சிரிக்கான்னு எனக்குத் தெரியும்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். அந்த டீச்சர் வெயில்ல நிக்கா. கொடிக்கம்பத்து நெழலுக்கு நுனியில பிள்ளைய சாக்பீஸால கோடு போடுதுக. வாரம் ஒரு கோடு. நெழலு நகருதா இல்லையான்னு பாக்காளாம். நெழலுக்கு வேலி போடுத கூட்டத்த அன்னைக்குத்தான் பாத்தேன்.

“வாங்க ஐயா, உக்காருங்க”ன்னா.

நான் உக்காரல. “பூமி சாஞ்சிருக்குன்னு சொல்லிக் குடுத்தியாமே. சாஞ்சிருந்தா எங்க வீட்டுத் தொட்டித் தண்ணி ஏன் ஒரு பக்கமா ஒழுகல?”ன்னு கேட்டேன். சரியான கேள்வி. இதுக்கு அவகிட்ட பதில் இருக்காதுன்னு நெனச்சேன்.

அவ சிரிக்காமச் சொன்னா. “தண்ணிக்குக் கீழ எதுன்னா பூமிதாங்க ஐயா. எங்க நின்னாலும் பூமி இழுக்கற பக்கந்தான் கீழ.” இது பதிலா? என்னமோ வாயில வந்தத உருட்டுதா.

நான் விடல. “கோடைன்னா சூரியன் கிட்ட வருது, பனின்னா தூரப் போகுது. இதச் சொல்லிக் குடுக்கதுக்கு எதுக்குப் பனங்காய்?”ன்னேன். அதுக்கு அவ சொன்னா பாருங்க, மார்கழியிலதான் சூரியனுக்கும் பூமிக்கும் ரொம்பக் கிட்டயாம். குளுருத மாசத்துல கிட்டயாம். அடுப்புக்குப் பக்கத்துல போகப் போகக் குளுருதுன்னு எவளாவது சொன்னா அவளுக்குக் காச்சல்னு அர்த்தம். அப்படியே சொன்னேன். சுத்தி நின்ன பிள்ளைய ஒண்ணுகூடச் சிரிக்கல. அதுகளையும் கெடுத்து வச்சிருக்கா.

இதுக்குள்ள ஊருல பேச்சாயிப் போச்சு. டீக்கடை இசக்கி ஒருத்தன் இருக்கான், ஊரு வாயில அவல் போடுததுதான் அவனுக்கு வேலை. “அண்ணாச்சி, ஒரு நாளு தெறந்துதான் காட்டுமே. வரலைன்னா அந்த டீச்சர் மூஞ்சி எங்க போகும்?”ன்னான். எரியுத வீட்டுல பிடுங்குனது லாபம்னு நெனைக்கவன் அவன். ஆனா அவன் சொன்னதுல ஒரு ஞாயம் இருந்துது. வராதுன்னு எனக்குத் தெரியும். எத்தனை தலைமுறையா வராத சூரியன், ஒருத்தி பனங்காயச் சுத்தினதுக்காவ வந்திருமா?

சரின்னுட்டேன். டீச்சரக் கூப்பிட்டு எல்லாரும் கேக்கச் சொன்னேன். “புரட்டாசியில நீ சொல்லுத நாள்ல பலகையத் தெறக்கேன். சாமி மேல வெளிச்சம் விழலைன்னா, சாமி முன்னால நின்னு ஊரறிய மன்னிப்புக் கேக்கணும்.”

“கேக்கறேன் ஐயா”ன்னா. “விழலைன்னா ஏன் விழலைன்னும் பிள்ளைங்களோட சேந்து பாக்கறேன்”ன்னா. அந்தத் திமிரப் பாத்தீயளா.

அந்த நாளும் வந்துது. விடியதுக்கு முன்னாலயே கோயில் கொள்ளாத கூட்டம். பங்குனிக்கு வரச் சொன்னா வேட்டி காயலம்பானுக, அன்னைக்கு எல்லாம் குளிச்சு முழுகி வந்து நிக்கானுக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வரிசையா உக்காந்திருக்கு, முன்னால எம் பேத்தி. பட்டர் சாமிக்கு வெறும் வஸ்திரம் மட்டும் சாத்திட்டு ஒதுங்கி நிக்காரு. எனக்குப் பரிவட்டம் கெடையாது. புரட்டாசியில ஏது பரிவட்டம்? நானே பூட்டத் தெறந்து பலகைய எடுத்தேன்.

மேகம் இருந்துது. எனக்கு மனசு குளுந்து போச்சு. இசக்கி என்னயப் பாத்துக் கண்ணக் காட்டினான். நான் சாமிக்கு முன்னால ஓரமாப் போயி நின்னுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எவன் ஊதினானோ, மேகம் விலகிட்டுது.

பின்செவத்துல உச்சியில உருண்டையா விழுந்துது.

எனக்குத் தெரியாதா அது என்னன்னு? அறுவது வருசமாப் பாக்கேன். எந்த எடத்துல விழுந்தா எந்த வழியா எறங்கும், எப்ப சாமி தலைக்கு வரும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அது அச்சு அசலா அதே வழியா எறங்குது. இன்னும் ஒரு சாண்தான் இருக்கு.

நான் ரெண்டு எட்டு நடுவுல தள்ளி வந்து, சாமியப் பாத்து, ரெண்டு கையயும் தூக்கிக் கும்பிட்டு நின்னுட்டேன்.

என்ன பாக்கீய? கோயிலுக்குப் போனா கும்பிடாம வேற என்ன செய்வாவ? மனசுல பக்தி பொங்கிட்டு, கும்பிட்டேன். எங்க கோயில்ல ஒரு கட்டு உண்டு. கருவறைக்கு முன்னால கும்பிட்டு நிக்கவன யாரும் தொடப்படாது, நகரச் சொல்லப்படாது, அவனா கைய எறக்குத வரைக்கும். ராசாவே வந்தாலும் பின்னால நிக்க வேண்டியதுதான். அதுவும் பூட்டன் காலத்து வழக்கந்தான்.

முதுகுல சுள்ளுன்னு உறைச்சுது. நான் கைய எறக்கல. அப்பம் எம் பேத்தி கொரலு மட்டும் கேட்டுது, ரொம்பப் பைய. “தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

நான் நகரல. எப்படி நகர? கும்பிட்டுக்கிட்டுலா இருக்கேன். முதுகுல இருந்து சூடு இடுப்புக்கு எறங்குத மாதிரி இருந்துது, பெறவு இல்லாமப் போச்சு. அதுக்குப் பெறவுதான் கைய எறக்கினேன். திரும்பிப் பாத்துக் கேட்டேன். “சாமி மேல விழுந்துதா?” “கேக்கேன்லா. விழுந்துதா, விழலையா?” பட்டரு பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டு, “விழலை”ன்னாரு. அம்புட்டுதான். விழலை. நான் பொய் சொல்லலையே, அந்த மனுசர் வாயாலதான் வந்துது.

டீச்சரப் பாத்தேன். அழுவான்னு நெனச்சேன். வந்தா, சாமி முன்னால நின்னா. “சாமி மேல வெளிச்சம் விழலை. நான் சொன்னது நடக்கலை. எல்லாரும் மன்னிச்சுடுங்க”ன்னா. சொல்லிட்டு, பிள்ளையளப் பாத்து, “வாங்க, வகுப்புக்கு நேரமாச்சு”ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அந்தப் பிள்ளைய போகும்போது என்னயத் திரும்பித் திரும்பிப் பாக்குதுக. மூஞ்சியப் பாக்கல. முதுகப் பாக்குதுக.

செயிச்சது யாரு? நான். ஆனா அன்னையில இருந்து ஊருப்பயலுக என்னயக் கண்டா ஒரு மாதிரி வழி விடுதானுக. “அண்ணாச்சிக்கு வெயிலு பட்டுரும், நெழலுக்கு வாங்க”ங்கான் இசக்கி. நான் என்ன அப்பளமா, காயப் போட்டு எடுக்கதுக்கு? எல்லாத்துக்கும் வேரு அந்த டீச்சர்தான்னு நாலு பேரப் பாத்துச் சொல்லி, கார்த்திகைக்குள்ள அவள மாத்திட்டேன். தெக்க எங்கயோ கீழமாவடின்னு ஒரு ஊரு. போட்டாவ. போயித் தொலைஞ்சா. கடைசி நாளு எங்க வீட்டு வாசல்ல ஸ்கூட்டிய நிறுத்தி எம் பேத்திகிட்ட என்னமோ பேசிட்டுப் போனா. நான் உள்ள இருந்து எட்டிப் பாக்கல.

ஆவுடை அதுல இருந்து என்கிட்ட முகங்குடுத்துப் பேசுததில்ல. மரியாதைக் கொறைவு ஒண்ணும் கெடையாது. தண்ணி கேட்டாக் குடுப்பா, வெத்தல இடிச்சுத் தருவா. எதக் கேட்டாலும் “சரி தாத்தா”தான். முன்னயெல்லாம் ஒண்ணுக்கு நாலு கேள்வி கேப்பா, சனியன் வாய மூடாதேன்னு வைவேன். இப்பம் கேள்வியே கெடையாது. வீடு கெடக்க கெடைக்கு எனக்குக் காது அடைச்சாப்ல இருக்கு.

இன்னைக்குக் காலைக்கு வருவோம். பூசையில எங்க வீட்டுல கல்யாணமாவாத பொம்பளப் பிள்ளைதான் வெளக்கு ஏந்தி எனக்கு முன்னால போகணும். வெளக்குப் போகாம பரிவட்டம் கெடையாது. எங்க வீட்டுல அப்படி இருக்க ஒரே பிள்ளை அவதான். பச்சப் பாவாடை கட்டி, பூ வச்சு, நல்லா லெச்சணமா நடந்து போனா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பலகையத் தெறந்தாச்சு. எனக்குப் பரிவட்டம் கட்டியாச்சு. மேகம்னு மருந்துக்குக்கூட ஒண்ணு இல்ல. பின்செவத்துல உருண்டையா விழுந்துது. மேளக்காரன் உசத்துதான்.

அந்தப் பிள்ளை வெளக்கக் கீழ வச்சா. நடுவுல போயி, தொளைக்கு நேரா, சாமியப் பாத்து நின்னா. ரெண்டு கையயும் தூக்கிக் கும்பிட்டா.

மேளம் நின்னு போச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல.

வெளிச்சம் எறங்கி அவ முதுகுல விழுந்துது. சடைப் பின்னலுல, பூவுல, அம்புட்டு அழகா விழுந்துது. சாமி இருட்டுல இருக்கு. பட்டரு என்னயப் பாக்காரு. ஊரு என்னயப் பாக்கு. நான் தலையில பரிவட்டத்தோட மரமா நிக்கேன். தொடப்படாது, நகரச் சொல்லப்படாது. நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? வாயி வரைக்கும் வந்துது, “ஏட்டி, தள்ளி நில்லு”ன்னு. வெளிய வரல. இசக்கி பின்னால நின்னு, “அண்ணாச்சி, பேத்தி உம்மவிட பக்தி”ங்கான். அவன் நாக்கு அழுகிப் போக.

வெளிச்சம் விலகின பெறவுதான் கைய எறக்கினா. திரும்பி என்னய நேராப் பாத்தா. எத்தனையோ மாசத்துக்குப் பெறவு நேராப் பாக்கா. “சாமி மேல விழலை, தாத்தா”ன்னா.

வீட்டுல வந்து கேட்டேன், சத்தம் போடல, அடிக்கல. நாளைக்கும் இப்படித்தான் நிப்பியாட்டின்னு கேட்டேன். நிப்பேன்னா. மறுநாளும் நிப்பேன்னா. என்னதான் வேணும் உனக்குன்னு கேட்டேன். “புரட்டாசிக்கும் தெறந்து வைங்க. யாரும் நடுவுல நிக்கப்படாது”ன்னா. அது முடியாதுன்னேன். “சரி தாத்தா”ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டா. அவள வீட்டுல பூட்டி வச்சிருவேன்னு மருமககிட்டச் சொன்னேன். “பூட்டுங்க மாமா. வெளக்க யாரு எடுப்பா?”ங்கா. இப்பம் சத்தமாவே சிரிக்கா.

நாளைக்கும் மறுநாளும் சாமி மேல விழலைன்னா, இந்த வருசம் சூரியன் வரலைன்னு ஆயிரும். வரலைன்னா மரியாதை கெடையாது. ஒரு வருசம் விட்டா அடுத்த வருசம் எவன் குடுப்பான்? வாய்க்கு வாய் பேசுவானுக, பெரிய வீட்டுக்காரன் சூரியனயே வெரட்டிட்டான்னு. நான் வெரட்டினேனா? நீங்களே சொல்லுங்க. கோட்டி பிடிச்ச ஒரு டீச்சர் வந்தா, ஒரு பிள்ளை மனசக் கெடுத்தா, அதுக்கு நான் என்ன செய்ய?

கீழமாவடிக்குத்தான் போறேன். பள்ளிக்கூடம் விடுததுக்குள்ள போயிரணும்.

கெஞ்சப் போறேன்னு நெனைச்சிராதீய. மொத மரியாதைக்காரன் ஒரு வாத்திச்சிகிட்டயா கெஞ்சுவான்? நேராப் போயி நிப்பேன். உக்காரச் சொன்னா உக்கார மாட்டேன். “இந்தா பாரு பிள்ளை”ன்னு ஆரம்பிப்பேன். ம்ஹூம், அங்க மத்த வாத்தியாருமாரு இருப்பாவ, அது சரியா இருக்காது. டீச்சர்னே சொல்லுவோம். பேரு என்னமோ, உத்தியோகம் டீச்சர்தான. “டீச்சர், எம் பேத்தி யாரு சொன்னாலும் கேக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா. நாளைக்கு விடியதுக்குள்ள ஒரு நடை வாங்க. வந்து, அந்தப் பிள்ளையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.” அம்புட்டுதான் பேச்சு. இதுல கெஞ்சுதது எங்க இருக்கு?

நீங்க படிச்ச ஆளாத் தெரியுதீய, ஒண்ணு கேக்கேன். தள்ளி நிக்கச் சொல்லுங்கன்னு நான் சொல்லும்போது, அவ சிரிச்சிருவாளோ?